அண்ணியின் கையெழுத்து

காராசூ பஜாரின் கிழக்கு வாசலில், தர்பூசணி லாரிகள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, என் டிக்கெட் கடை இருக்கிறது. மாஸ்கோவுக்கு விமானமோ ரயிலோ பஸ்ஸோ, எதற்கு வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்துக் கொடுப்பேன். ஆனால் கொஞ்ச காலமாக டிக்கெட் எடுக்க வருகிறவர்களைவிடச் சட்டம் கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். ரஷ்யாக்காரன் அங்கே சட்டத்தை மாற்றினால் இங்கே என் ஜன்னலில் கூட்டம் நெரிகிறது. நானே உட்கார்ந்து எழுதி அனுப்பினதுபோல என்னிடம் சண்டை வேறு.

"தமாரா அக்கா, பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போகலாமா?"

"போன மாசம் போகலாம்னாங்க. இந்த மாசம் தெரியலை."

"அப்ப அடுத்த மாசம்?"

"அடுத்த மாசம் உன் பொண்டாட்டி யார்கூட இருப்பாளோ, அதைப் பாத்துட்டுச் சொல்றேன்."

இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், கூட்டம் கலைந்துபோகும். ஜீபெக் விஷயத்துக்குப் பிறகு அந்தக் கேலி எனக்கு வாயில் வருவதில்லை.

ஜீபெக் எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தபோது பத்தொன்பது வயதுப் பெண். நோகாத் மலைப் பக்கத்துக்காரி. அப்பா அம்மா இல்லை, ஒரே அண்ணன், அவனுக்கு வீடு நிறையப் பிள்ளைகள். ஒல்லி உடம்பு, ஆனால் கை மட்டும் பெரிது. அந்தக் கையைப் பார்த்துத்தான் தொக்தோபூபு அவளைத் தன் மகன் மிர்லானுக்குக் கட்டிவைத்தாள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். தொக்தோபூபு எனக்கு மூன்றாவது வீடு. பஜாரில் துணி மொத்த வியாபாரம் செய்தவள், கெட்டிக்காரி, வாய் நீளம். தெருவில் அவளோடு பேச்சில் ஈடுகொடுக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். அதனால் நாங்கள் சிநேகிதம்.

மறு வருஷமே பெக்தூர் பிறந்தான். மூத்த பிள்ளை, அதிலும் ஆண். எங்கள் வழக்கத்தில் மூத்தவன் என்றால் தாத்தா பாட்டியின் பிள்ளை. இதில் பெற்றவளை யாரும் கேட்பதில்லை. என்னையும் கேட்கவில்லை, என் மூத்தவள் மாமியாரிடம்தான் வளர்ந்தாள். நாற்பதாம் நாள் நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிப் பிள்ளையைக் குளிப்பாட்டினோம். அதில் ஒரு கரண்டி நான் ஊற்றியது. பிள்ளையைத் துவட்டி நேராகத் தொக்தோபூபு மடியில் வைத்தார்கள். ஆட்டுக்கறி நன்றாக வெந்திருந்தது. ஜீபெக் தலை குனிந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் தொக்தோபூபுவும் அவள் புருஷனும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த குமாஸ்தாவும் எங்கள் ஊர்க்காரன்தானே, அவனுக்கும் வழக்கம் தெரியும். ஒரு தொடைக்கறியை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பிறப்புச் சான்றிதழில் தாய் என்ற இடத்தில் தொக்தோபூபு என்றே எழுதிக் கொடுத்தான். பிள்ளை நம்முடையது என்று ஆனபிறகு பேப்பரும் நம் பேரில் இருக்கட்டும் என்ற எண்ணம், அவ்வளவுதான். அதில் சூது ஏதுமில்லை. எங்கள் தெருவிலேயே அப்படி எழுதிய பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் உண்டு.

பால் கொடுப்பது மட்டும் ஜீபெக்கின் வேலை. அழுதால் கூப்பிடுவார்கள், கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட வேண்டும். பையன் பேச ஆரம்பித்தபோது தொக்தோபூபுவை அம்மா என்றான். மிர்லானை அண்ணன் என்றான். ஜீபெக்கை அண்ணி என்றான். ஒருமுறை முற்றத்தில் விழுந்து முட்டி பெயர்ந்து, அழுதுகொண்டே ஜீபெக்கிடம் ஓடினான். அவள் சோப்புக் கையோடு குனிந்தாள். அதற்குள் உள்ளேயிருந்து தொக்தோபூபுவின் குரல் வந்தது.

"அண்ணிக்கு வேலை இருக்கு. இங்க வா ராஜா, அம்மா ஊதி விடறேன்."

ஜீபெக் நிமிர்ந்து மறுபடி துணியைத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எனக்கு அது அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

பையனுக்கு நாலு வயதானபோது மிர்லானும் ஜீபெக்கும் மாஸ்கோவுக்குப் போனார்கள். டிக்கெட் நான்தான் போட்டேன். மிர்லான் கட்டட வேலை, அவள் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் பாத்திரம் கழுவினாள், பிறகு சமையல் கையாள் ஆனாள். மாதம் தவறாமல் பணம் வந்தது. தொக்தோபூபு வீட்டுக்குப் புதுக் கூரை, இரும்பு கேட், ஃப்ரிஜ் எல்லாம் வந்தன. பையன் வீடியோவில் பேசுவான். "அண்ணி, சைக்கிள் அனுப்பு. நீலக் கலர்." சைக்கிள் வரும். "அண்ணி, இது சின்னதா இருக்கு." பெரியது வரும்.

மிர்லான் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். பெட்டியில்தான் வந்தான். ஜீபெக்குக்கு வேறு பிள்ளை இல்லை. விதவையானவள் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம், யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் போகவில்லை. மாஸ்கோவுக்கே திரும்பிப் போய் அதே மாதிரி பணம் அனுப்பினாள். ஒவ்வொரு கோடையிலும் வந்து மாமியார் வாசலில் மூன்று தரம் குனிந்து வணங்கி, ஒவ்வொரு கோடையிலும் ஒன்றையே கேட்டாள்.

"அத்தை, இந்தத் தடவை பெக்தூரைக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"அடுத்த வருஷம் பாக்கலாம். இப்ப பல்லு விழற வயசு."

அடுத்த வருஷம் வேறு காரணம். பையன் இங்கே இருக்கும்வரைதான் பணம் வரும் என்பது தொக்தோபூபுவுக்கு நன்றாகத் தெரியும். அதுமட்டும்தான் காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன். செத்த மகனின் முகம் அவனுக்கு. அவன் பக்கத்தில் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

அந்த நாளில் பையனைக் கூட்டிப் போவது எவ்வளவு சுலபம் தெரியுமா? தாய் கையெழுத்துப் போட்ட ஒரு சம்மதக் காகிதம் போதும். மூன்று மாதம் முடிந்தால் கஸாக் எல்லையைத் தாண்டி ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால் மறுபடி மூன்று மாதம். அப்படியே வளர்ந்து அங்கே கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகள் எத்தனையோ. அந்தக் கதவு திறந்து கிடந்த வருஷங்களில் எல்லாம் தொக்தோபூபு கையெழுத்துப் போடவில்லை.

பிறகு அவள் புருஷன் செத்தான். சாகும்போது, பையனைப் பெற்றவளிடம் அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வார்த்தையைத் தட்ட முடியாமல், பையனுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவள் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். ஜீபெக் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு ஓடி வந்தாள்.

நான் படித்துப் பார்த்தேன்.

"ஜீபெக், இது இப்பச் செல்லாது."

"நோட்டரி முத்திரை இருக்கே அக்கா."

"முத்திரை இருக்கு. சட்டம் மாறிடுச்சு. வேலை ஒப்பந்தம் வச்சிருக்கிற அப்பா அம்மாவோட பிள்ளைதான் இனிமே அங்க தங்கலாம். மத்த பிள்ளைங்க மூணு மாசத்தில திரும்பிடணும். எல்லையைத் தாண்டிட்டு வர்ற வேலையும் நடக்காது, மறுபடி உள்ள போக மறு வருஷம்தான். பள்ளிக்கூடத்துலயும் அதைத்தான் முதல்ல கேப்பாங்க."

"எங்கிட்ட ஒப்பந்தம் இருக்கு. நான் அம்மாதானே."

"எங்க எழுதியிருக்கு?"

"காராசூ முழுக்கத் தெரியும் அக்கா."

"காராசூ முழுசையும் விமானத்தில ஏத்திட்டுப் போவியா?"

சொன்னபிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அந்தத் துணியை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

வழி ஒன்று இருந்தது. கோர்ட்டில் போய்ச் சான்றிதழைத் திருத்தலாம். தொக்தோபூபு வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை முடிந்தது. சேர்ந்து கேட்கலாம் என்று நானும் கூடப் போனேன். தொக்தோபூபு தாழ்வாரத்தில் கம்பளம் விரித்து உட்கார்ந்து ஆப்ரிகாட் உடைத்துக்கொண்டிருந்தாள். ஜீபெக் நின்றுகொண்டே கேட்டாள். மாமியார் முன்னால் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அத்தை, ஜட்ஜு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை?"

"நீங்க பெக்கலைன்னு."

தொக்தோபூபு கொட்டையைத் தட்டில் போட்டாள். "சொல்லிட்டாப் போச்சு. மிர்லானையும் பெக்கலைன்னு சொல்லிடவா? கூட்டிட்டுப் போனே, பெட்டியில அனுப்பினே. அது ஒண்ணு. இப்ப இதையும் கொண்டு போறே."

"அத்தை, நானா தள்ளிவிட்டேன்?"

"காய்ச்சல்ல கிடந்தப்ப ராத்திரியெல்லாம் தோள்ல போட்டுத் திரிஞ்சவ நான். அவனை அனுப்புன்னே, அனுப்பறேன். கையெழுத்துப் போடுன்னே, போட்டேன். பெக்கலைன்னு என் வாயால சொல்லுன்னா, அது நடக்காது."

"தொக்தோபூபு, இது சும்மா பேப்பருக்குத்தான்" என்றேன் நான்.

"பேப்பருக்குத்தானே? அப்ப பேப்பர்லயாவது அவன் எனக்கு இருக்கட்டும்."

நானும் தெருப் பெண்களும் மாறி மாறிப் பேசி, கடைசியில் வருகிறேன் என்று சொன்னாள். வந்தாள். பெரிய விருந்துக்குக் கட்டும் வெள்ளைத் தலைத்துணி கட்டிக்கொண்டு வந்தாள். ஜட்ஜு சின்னப் பெண், என் கடைசி மகள் வயது இருக்கும். நிதானமாகக் கேட்டாள்.

"அம்மா, இந்தப் பையனைப் பெத்தது யாரு?"

"நான்தான்."

"பிரதிவாதி யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? வயசான காலத்தில ஆண்டவன் கொடுத்தான். இவ என் மகனைச் சாகக் கொடுத்தவ. இப்ப என் சின்ன மகனையும் கேக்கறா."

பத்து வயது தாண்டின பிள்ளையையும் கேட்க வேண்டும் என்று ஜட்ஜு பெக்தூரைக் கூப்பிட்டாள். அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான். உன் அம்மா யார் என்று கேட்டாள். அவனுக்கு அது என்ன கேள்வி என்றே புரியவில்லை. தொக்தோபூபுவைக் காட்டினான்.

"அப்ப இவங்க?"

"அவங்க அண்ணி. மாஸ்கோவில இருக்காங்க."

அவன் பொய் சொல்லவில்லை. பயந்தும் சொல்லவில்லை. அதுதான் தன்னைத் தின்றது என்று ஜீபெக் பிறகு என்னிடம் சொன்னாள்.

ஜீபெக் மரபணுப் பரிசோதனை கேட்டாள். கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்துத் தலைநகர் பிஷ்கெக்குக்கு அனுப்பினார்கள். முடிவு வர இலையுதிர் காலம் வந்துவிட்டது. அதுவரை தொக்தோபூபு வீட்டு இரும்பு கேட் அவளுக்குத் திறக்கவில்லை. அவள் பணத்தில் போட்ட கேட்தான். பஜாருக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். மாஸ்கோவில் சாப்பாட்டுக்கூடத்துக்காரி நல்லவள், வேலையைப் பிடித்து வைத்திருந்தாள். பெக்தூர் தெருவில் ஜீபெக்கைப் பார்த்தால் வேறு பக்கமாகச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

பஞ்சுக்குச்சி உண்மையைச் சொன்னது. கோர்ட் திருத்தச் சொன்னது. புதுச் சான்றிதழோடு ஜீபெக் என் கடைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையில் சுடச்சுட சம்சா பொட்டலம். தாய் என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அங்கே அவள் பெயர் இருந்தது. வாய் நிறையச் சம்சாவோடு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

"முதல்ல நான் போய் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறேன் அக்கா. அதிலேயே அவன் பேரைச் சேத்துட்டு, பள்ளிக்கூடத்துல சொல்லிவச்சுட்டு, அப்புறம் கூப்பிட்டுக்கறேன். அதுவரைக்கும் அங்கேயே இருக்கட்டும். என்கூட இப்ப வரமாட்டான்."

"அங்க வந்தா சரியாயிடுவான்."

"சரியாயிடுவான். நான் சமைக்கிறதைச் சாப்பிட்டதே இல்லை அவன். என் கையால பண்றது அவனுக்குப் பிடிக்குமான்னுகூடத் தெரியாது."

ஜன்னல் ஓரம் இடம் போட்டுக் கொடுத்தேன். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். அங்கே குடியேற்ற அலுவலகக் கவுண்டரில் சான்றிதழைக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் வாங்கிக் கணினியில் தட்டியிருக்கிறாள். ஜீபெக் வருஷா வருஷம் நிரப்பிக் கொடுத்த காகிதம் எல்லாம் அதில் இருந்தது. குழந்தைகள் என்ற இடத்தில் எல்லா வருஷமும் இல்லை என்றே எழுதியிருக்கிறாள். வேறு என்ன எழுதுவாள்? பேப்பரில் அவளுக்குப் பிள்ளை இல்லையே.

"'இத்தனை வருஷம் பிள்ளை இல்லைன்னு எழுதியிருக்கே, பன்னெண்டு வயசுப் பிள்ளை இப்ப எங்கேருந்து வந்தது'ன்னு கேட்டா அக்கா."

"நீ என்ன சொன்னே?"

"கொடுத்துட்டோம்னு சொன்னேன். மாமியாருக்குக் கொடுத்துட்டோம், இப்ப திரும்ப வாங்கிட்டேன்னு. 'வித்தியா'ன்னு கேட்டா."

"நாய், அவ வாயில புழு வைக்க."

"அவ கெட்டவ இல்லைக்கா. மேல இருக்கிறவங்களையும் கூப்பிட்டுக் கேட்டா. முன்னெல்லாம் இதைப் பெருசா எடுத்துக்க மாட்டோம், அபராதத்தோட விட்டுடுவோம், இப்ப புதுசா வந்த உத்தரவுல பொய்த் தகவல்னா தடைதான்னு சொன்னா. அஞ்சு வருஷம் உள்ள வரக்கூடாது."

பையனைத் தன் பிள்ளை என்று நிரூபித்ததால்தான் தடை. நிரூபிக்காமல் இருந்திருந்தால் அவள் பாட்டுக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டு, பணம் அனுப்பிக்கொண்டு இருந்திருப்பாள். இப்படி ஒரு சட்டத்தை யோசித்தவனுக்கு வீட்டில் பிள்ளை இருக்குமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இருக்கும். பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவான்.

செய்தி தெருவுக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும். மறுநாள் தொக்தோபூபு பெக்தூரின் துணிகளை ஒரு கோடு போட்ட பையில் கட்டி, சைக்கிளோடு அவனைக் கூட்டிக்கொண்டு ஜீபெக்கின் அறைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"இந்தா. பேப்பர்ல நீதானே அம்மா. சோறு போடு."

"அம்மா, நான் என்ன பண்ணினேன்?" என்றான் பையன் தொக்தோபூபுவிடம்.

"நீ ஒண்ணும் பண்ணலை ராஜா. கோர்ட்டு சொல்லிடுச்சு. நான் உனக்கு யாரும் இல்லையாம்."

ஜீபெக்கைக் குத்தத்தான் அப்படிச் சொன்னாள், எனக்குத் தெரியும். அவள் அழுது, கெஞ்சி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று காலில் விழுவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்தாள். ஜீபெக் பையை வாங்கி உள்ளே வைத்தாள். தொக்தோபூபு வெறுங்கையோடு திரும்பிப் போனாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஜீபெக் பஜாரில் தள்ளுவண்டியில் தேநீர் விற்றாள். பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. தடை வாங்கித் திரும்பி வந்த ஆண்கள் எல்லோரும் வேலை கேட்டு நின்றார்கள், தேநீர் குடிக்க ஆள் இல்லை. பையன் அவள் சமைத்ததைச் சாப்பிட்டான், ஆனால் பிடித்திருக்கிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அறையில் அண்ணி என்று கூப்பிட்டான். வெளியே எதுவும் கூப்பிடவில்லை. இரண்டு தரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய வீட்டுக்கு ஓடிப்போனான். இரண்டு தரமும் தொக்தோபூபு கேட்டின் மறுபக்கம் நின்று, "உன் அம்மாகிட்ட போ" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அப்படி அனுப்பிவிட்டு அவள் உள்ளே உட்கார்ந்து அழுததாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அழட்டும் என்றேன் நான்.

பனி உருகும்போது ஜீபெக்குக்கு இஸ்தான்புல்லில் ஒரு வேலை வந்தது. படுத்த படுக்கையான ஒரு கிழவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த வீட்டிலேயே தங்க வேண்டும். பிள்ளையோடு வரக்கூடாது. பையனை எங்கே விடுவது? நான் தொக்தோபூபுவிடம் தூது போனேன்.

"வச்சுக்கறேன். ஏன் வச்சுக்க மாட்டேன்? ஆனா அவ வந்து என் வாசல்ல குனிஞ்சு கேக்கட்டும்."

இதைப் போய் ஜீபெக்கிடம் சொன்னேன். அவள் தள்ளுவண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பதிமூணு வருஷமா குனிஞ்சேன் அக்கா. இனிமே முடியாது."

"உனக்காக இல்லை. பையனுக்காக."

"பையனுக்காகத்தான் பதிமூணு வருஷமும் குனிஞ்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பேரையும் தலைமுடியைப் பிடித்து முட்டவைக்கலாம் போலிருந்தது. என் வீட்டில் விடு என்று நான் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் வீட்டில் ஏற்கனவே மாஸ்கோவுக்குப் போன என் இரண்டு மகள்களின் பிள்ளைகள் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆறாவதுக்குப் பாய் போட இடமில்லை.

ஓஷில் இருக்கிற அரசு விடுதிப் பள்ளியில் பெக்தூரைச் சேர்த்துவிட்டு ஜீபெக் துருக்கிக்குப் போனாள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள்தான் அங்கே பாதிக்கு மேல். பார்க்க வரலாம் என்று யார் யார் பெயரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, என் பெயரை மட்டும் சொன்னாள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன்.

முதல் ஞாயிறு நான் போனபோதே தொக்தோபூபு அங்கே கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். சுடச்சுட போர்சோக் ரொட்டி பொரித்துத் துணியில் கட்டிக் கையில் வைத்திருந்தாள். காவல்காரர் அவளை உள்ளே விடவில்லை. பெற்றவளோ, பெற்றவள் பெயர் சொன்னவர்களோதான் உள்ளே வரலாமாம். பாட்டி என்றுகூடப் பேப்பரில் நிரூபித்தாக வேண்டும், அதற்கும் தாயின் கையெழுத்து வேண்டும். மாடி ஜன்னலில் பெக்தூரின் தலை தெரிந்தது. "அம்மா" என்று அங்கிருந்தே கூப்பிட்டான். தொக்தோபூபு தலைத்துணியின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே போனதும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"பெரியம்மா, அண்ணி ஒரு கையெழுத்துப் போட்டா அம்மா உள்ள வரலாமாம். வார்டன் சொன்னாரு. அண்ணிகிட்டச் சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றேன். சாயங்காலம் ஜீபெக்கே கூப்பிட்டாள். பின்னால் கிழவன் இருமுகிற சத்தம் கேட்டது.

"என்னைக் கேட்டானா அக்கா?"

நான் யாருக்கும் இனிப்புத் தடவிப் பேசிப் பழகினவள் இல்லை. அவன் கேட்டதை அவன் கேட்டபடியே சொன்னேன்.

"யாரு உள்ள வரலாமான்னு கேட்டான்?"

"அம்மா."

"பேப்பரை எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. அம்மா நான்தான்."

"ஜீபெக், சின்னப் பையன். ஒரு கையெழுத்துதானே."

"அவகிட்ட நான் கேட்டதும் ஒரு வார்த்தைதானே அக்கா." வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பணம் அனுப்புகிறாள், பையனுக்குக் குளிர்கால பூட்ஸ் அனுப்பினாள், கையெழுத்து மட்டும் அனுப்பவில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தப் பெரிய கைகளோடு தலை குனிந்து தேநீர் ஊற்றின பெண் எங்கே போனாள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது.

போன ஞாயிறு ஓஷில் ஈரப்பனி பெய்துகொண்டிருந்தது. தொக்தோபூபு வழக்கம்போலக் கேட்டில் நின்றாள். கால் முட்டி வீங்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து வந்துதா தமாரா?"

"வரலை."

அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு காவல்காரரிடம் போனாள். கோர்ட்டுக்கு வந்தபோது நடந்தாளே, அதே நடை.

"ஐயா, அன்னைக்கு ஜட்ஜு கேட்டப்ப நான் சொன்னது பொய். நான் அவனைப் பெக்கலை. அவ பெத்தா. இப்ப உண்மையைச் சொல்றேன். எங்க வேணும்னாலும் எழுதிக்கங்க. என்னை உள்ள விடுங்க."

அவர் நல்ல மனிதர்தான். குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அதனாலதாம்மா உங்களை விட முடியலை. நீங்க பெக்கலையே."

அவள் துணிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். இன்னும் சூடு இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.